காப்புக் கட்டிய பின் வந்த கடிதம்

மாரியம்மன் துணை
அருப்புக்கோட்டை
20.1.1989

தம்பி வெள்ளத்துரைக்கு அக்கா கனகலட்சுமி எழுதுவது.

அம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். அத்தானுக்கு மட்டும் பனி ஒத்துக்கொள்ளாமல் இருமல். கேட்டால், கடையில் மிளகாய் மூட்டை பிரித்ததால் வந்தது என்கிறார். சேலத்துக் குளிர் எப்படி இருக்கிறது? வெந்நீரில் குளிக்கிறாயா, பழைய சோம்பேறித்தனம்தானா?

பொங்கலுக்கு முதல் நாள் உன் கடிதம் வந்தது. "கார்த்திகையிலிருந்து நான் அதைத் தொடவில்லை" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "எம்மா, பரிட்சைக்கா படிக்கிற?" என்று பிருந்தா கேலி செய்தாள். தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை மிஷினிலேயே விட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன். கோயிலில் நின்று அழுதேன். பார்த்தவர்கள் வீட்டில் என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டார்கள்.

உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். உன்னைப் பிராந்திக் கடை வாசலிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் போட்டார்கள் என்று சுப்பம்மாள் எழுதினாளே, அன்றைக்கே நேர்ந்துகொண்டேன். என் தம்பி குடியை விட்டால் உனக்கு அக்கினிச்சட்டி எடுக்கிறேன் தாயே என்று. விட்டுவிட்டாய். இந்தப் பங்குனிப் பொங்கலுக்கே எடுத்துவிடுகிறேன். கேட்டது கிடைத்த பிறகு தள்ளிப்போடக் கூடாது.

பாலவனத்தம் போய் உன் பெண்டாட்டி சுப்பம்மாளையும் பார்த்தேன். பிறந்த வீட்டில் இருந்து இருந்து இளைத்துப் போயிருக்கிறாள். உன் கடிதத்தைக் காட்டினேன். "மதினி, அவுக எழுதினத நான் நம்ப மாட்டேன். ஆனா நீங்க சட்டி எடுத்தா நம்புறேன். பொய்க்கு யாரும் நெருப்பத் தூக்க மாட்டாக" என்றாள். சட்டியை இறக்கி வைத்ததும் அவளைச் சேலத்துக்குப் பஸ் ஏற்றி விடுவது என் பொறுப்பு. நீ வீட்டைக் கூட்டி வை.

உன் அக்கா
கனகலட்சுமி


சேலம்
9.2.1989

அக்காவுக்கு வணக்கம். நான் நல்ல சுகம். அத்தானைத் துளசியும் மிளகும் கஷாயம் வைத்துக் குடிக்கச் சொல். பிருந்தாவைப் படிப்பில் கவனமாக இருக்கச் சொல்.

அக்கினிச்சட்டி எதற்கு அக்கா? போன பங்குனியில் வெயிலில் மயங்கி விழுந்தவள் நீ. சட்டியைப் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாக நடக்க உன்னால் ஆகாது. பால்குடம் எடுத்தால் போதாதா? இல்லையென்றால் அடுத்த வருஷம் பார்க்கலாம். அம்மன் எங்கேயும் போய்விட மாட்டாள்.

சுப்பம்மாளிடம் அதற்குள் ஏன் போனாய்? கொஞ்ச நாள் போகட்டும். நானே வந்து கூப்பிடுவதுதான் முறை. மண்டியில் வெல்லம் லோடு வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது, அதனால் கடிதம் சுருக்கம்.

தம்பி
வெள்ளத்துரை


அருப்புக்கோட்டை
18.2.1989

தம்பிக்கு அக்காவின் ஆசி. இங்கே சுகம். அத்தானுக்கு இருமல் நின்றுவிட்டது. கஷாயத்தைக் கண்டதும் பயந்து நின்றிருக்கும்.

மயங்கினது போன வருஷம். அன்றைக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஊருக்கெல்லாம் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன், அதனால் விழுந்தேன். அக்கினிச்சட்டி என்று நேர்ந்துவிட்டுப் பால்குடம் எடுக்க முடியுமா? நீ அத்தான் கடையில் பருப்புக் கேட்டு, அவர் பயறை அளந்து போட்டால் வாங்கிக்கொண்டு போவாயா?

பங்குனி நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை காப்பு. அடுத்த செவ்வாய் சட்டி. நீ வந்தே ஆக வேண்டும். யாருக்காக எடுக்கிறார்களோ அவர்கள் வேப்பிலையும் தண்ணீர்க் குடமுமாக முன்னால் நடந்து, காலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போக வேண்டும். நீ ஊற்ற, நான் பின்னால் நடந்து வர வேண்டும். அந்தக் காட்சியை அம்மா பார்த்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள். லீவு சொல்லிவிட்டு முந்தின நாளே வந்துவிடு. உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு கிடையாது, விரதம். பேசாமல் பருப்புச் சோறு சாப்பிடு.

அக்கா
கனகலட்சுமி


சேலம்
24.3.1989

அன்புள்ள அக்காவுக்கு.

நலம். பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. மண்டியில் லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. பங்குனியில் கணக்கு முடிக்கிற நேரம் என்கிறார்கள்.

அக்கா, நீ காப்புக் கட்ட வேண்டாம். ஒரு வருஷம் போகட்டும். காரணம் கேட்காதே. உன் காலைத் தொட்டுக் கேட்பதாக நினைத்துக்கொள்.

வெள்ளத்துரை


அருப்புக்கோட்டை
29.3.1989

தம்பிக்கு.

நேற்றுக் காலை கோயிலில் காப்புக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினேன். அப்போதுதான் தபால்காரர் உன் கடிதத்தைக் கொடுத்தார்.

காரணம் கேட்காதே என்று எழுதியிருக்கிறாய். நான் கேட்கவில்லை.

காப்புக் கட்டினால் கட்டினதுதான். சட்டியை இறக்கிய பிறகுதான் கோயிலில் அவிழ்ப்பார்கள். நடுவில் அவிழ்த்துவிடச் சொல்லி இந்த ஊரில் யாரும் பூசாரியிடம் போய் நின்றதில்லை. உன் கடிதம் ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

சுப்பம்மாள் பாலவனத்தத்திலிருந்து நாளைக்கு வருகிறாள். அவளிடம் நான் எதுவும் சொல்லப் போவதில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு. எதையாவது நினைத்து மனதைக் குழப்பிக்கொள்ளாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


அருப்புக்கோட்டை
16.4.1989

மாமாவுக்கு, அம்மா சொல்லச் சொல்ல பிருந்தா எழுதுவது.

தம்பி, இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா? சட்டி நல்லபடியாக எடுத்துக் கோயிலில் இறக்கிவிட்டேன். சுப்பம்மாள் கூடவே வந்தாள். நீ ஊற்ற வேண்டிய தண்ணீரை அவள்தான் ஊற்றினாள். வைகாசியில் கல்யாணம் நிறைய இருப்பதால் ரவிக்கைத் துணிகள் மலையாகக் கிடக்கின்றன. அதனால்தான் பிருந்தாவை எழுதச் சொன்னேன். வேறு விசேஷம் இல்லை. வெயில் அதிகம், மோர் வாங்கிக் குடி.

அக்கா சொல்ல எழுதியது பிருந்தா


சேலம்
22.4.1989

அக்காவுக்கு வணக்கம். இங்கே நான் சுகம். அங்கே எல்லோரும் சுகம்தானா? நிஜமாகக் கேட்கிறேன்.

மாவாட்டுகிற நேரத்திலும் நீயேதான் எனக்குக் கடிதம் எழுதுவாய். கார்டில் மாவு ஒட்டியிருக்கும். கல்யாணத் துணி வந்ததால் எழுத முடியவில்லை என்றால் நான் நம்புவேனா? சுப்பம்மாளைப் பஸ் ஏற்றி விடுவதாகச் சொன்னாயே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. அடுத்த கடிதம் உன் கையெழுத்தில் வர வேண்டும்.

தம்பி
வெள்ளத்துரை


அருப்புக்கோட்டை
30.4.1989

மாமாவுக்கு, பிருந்தா எழுதுவது. இது அம்மாவுக்குத் தெரியாது. அம்மா டாக்டரிடம் போயிருக்கிறாள்.

நலம் விசாரித்து எழுத எனக்கு மனம் வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

சட்டி எடுத்த அன்றைக்கு நல்ல காற்று. "ஆகோ அய்யாகோ" என்று சட்டிக்காரர்கள் போட்ட கோஷத்தில் தெருவே சத்தமாக இருந்தது. பாதி வழியில் அம்மாவின் சட்டி அடியில் விரிசல் விட்டுவிட்டது. கங்கும் எண்ணெயும், கைக்கும் சட்டிக்கும் நடுவில் வைத்திருந்த வேப்பிலைக்குள் இறங்கின. பக்கத்து வீட்டு அழகுத்தாய் அத்தை பார்த்துவிட்டு ஓடி வந்தார்கள். "மதினி, எறக்குங்க! வேற சட்டியில மாத்திக்கிருவோம், அம்மன் ஒண்ணும் சொல்ல மாட்டா" என்று கத்தினார்கள். அப்பாவும் கெஞ்சினார். அம்மா தலையை ஆட்டிவிட்டாள். கோயில் வரைக்கும் நடந்தாள். நான் கூடவே ஓடினேன். வேப்பிலை கருகிப் போய், அதற்குப் பிறகு வெறும் கைதான் மாமா.

பூசாரி சட்டியை வாங்கும்போது தோலும் கூடவே வந்தது. பத்து நாள் மதுரை ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்த பிறகுதான் போன கடிதத்தை எழுதினோம். அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு கையிலும் விரல்கள் மடங்கித்தான் இருக்குமாம். ஊசியில் நூல் கோக்க முடியாதாம். மிஷினில் இப்போது நான் உட்காருகிறேன். எனக்கு நேராகத் தைக்க வரவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்லித் தருகிறாள்.

தெருவில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? "நேந்ததுல பொய் இருந்தாத்தான் சட்டி சுடும்" என்று சொல்கிறார்கள். சுப்பம்மாள் அத்தை காதிலும் விழுந்தது. அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு பாலவனத்தம் போய்விட்டார்கள். அம்மா மட்டும், "ஏங் கைதான சுட்டுச்சு, ஒங்களுக்கு என்ன?" என்று கேட்பவர்களிடம் எல்லாம் சொல்கிறாள்.

மாமா, நீங்கள் குடியை விட்டுவிட்டீர்களா? விட்டது நிஜம் என்றால் உடனே எழுதுங்கள். அந்தக் கடிதத்தை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று படித்துக் காட்டுவேன். பொய் என்றால் எனக்கு எழுத வேண்டாம்.

பிருந்தா


சேலம்
5.11.1989

அக்காவுக்கு.

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். வலி இருக்கிறதா?

பிருந்தா சித்திரையில் எழுதினாள். நான் பதில் எழுதவில்லை. பதில் வராததே அவளுக்குப் பதிலாகியிருக்கும். உனக்கு அவள் சொன்னாளோ என்னவோ தெரியாது.

நான் குடியை விடவில்லை அக்கா. கார்த்திகையிலிருந்து கொஞ்ச நாள் விட்டது நிஜம். அந்தச் சந்தோஷத்தில்தான் உனக்கு எழுதினேன். சுப்பம்மாள் வந்துவிடுவாள், வந்தால் அப்படியே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பும்போதே, இவ்வளவு நாள் இருந்தாயிற்றே, இன்றைக்கு ஒரு நாள்தானே என்று பிராந்திக் கடைக்குள் போய்விட்டேன். உனக்குக் கடிதம் கிடைப்பதற்குள் அது பொய்யாகிவிட்டது.

பங்குனியில் நிஜத்தை முழுதாக எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அதை உனக்குப் போடத் துணிச்சல் வேண்டும் என்று குடித்தேன். குடித்த பிறகு துணிச்சல் வரவில்லை, பயம்தான் வந்தது. கிழித்துப் போட்டுவிட்டுக் "காரணம் கேட்காதே" என்று நாலு வரி எழுதினேன். அதுவும் ஒரு நாள் பிந்தி வந்து சேர்ந்திருக்கிறது. பஸ் ஏறி நேரே வந்திருக்கலாம். காலில் விழுந்து தடுத்திருக்கலாம். உன்னால் சிரித்த முகமாக என்னைப் பார்க்க முடியாது என்று பயந்துகொண்டு வராமல் இருந்துவிட்டேன். இதை எழுத உட்காரும் முன்பும் குடித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இனி உன்னிடம் பொய் எழுதக் கூடாது என்பதால் இதையும் சொல்கிறேன்.

அம்மன் சுட வேண்டியது என் நாக்கை. ஆள் மாறிச் சுட்டுவிட்டாள். அதற்குப் பிறகு எந்தக் கோயில் பக்கமும் நான் போவதில்லை. எந்த முகத்தோடு போவேன்? என்னைத் தம்பி என்று நினைக்காதே. சுப்பம்மாளிடமும் நிஜத்தைச் சொல்லிவிடு.

வெள்ளத்துரை


அருப்புக்கோட்டை
14.11.1989

தம்பி வெள்ளத்துரைக்கு அக்காவின் ஆசி.

நாங்கள் சுகம். வலி குறைந்துவிட்டது, மழை நாளில் மட்டும் விண்விண் என்கிறது. இந்த ஊரில் மழை எத்தனை நாள் பெய்யப் போகிறது, சமாளித்துக்கொள்வேன். பிருந்தா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறாள். நான் சொல்வதில் ஒரு வார்த்தையும் விடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

நீ விடவில்லை என்பது எனக்குத் தெரியும். காப்புக் கட்டின அன்றைக்கே, அந்த நாலு வரியைப் படித்தபோதே தெரிந்துவிட்டது. அடுப்படியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு, மறுபடியும் கோயிலுக்குப் போனேன். "தாயே, எந்தம்பி பொய் சொல்லிட்டான். இருந்தாலும் நான் சட்டி எடுக்கிறேன். இதை முன்பணமா வச்சுக்கோ, அவன மீட்டுக் குடு" என்று அம்மனிடம் சொன்னேன். கடைக்காரர் பெண்டாட்டி, வேறு எப்படிப் பேசுவேன்?

சட்டி விரிந்தபோது இறக்கியிருக்கலாம். அழகுத்தாய் சொன்னது சரி. எத்தனையோ பேர் நடுவழியில் சட்டி மாற்றியிருக்கிறார்கள், யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. எனக்குத்தான் அப்படித் தோன்றவில்லை. இதை இறக்கினால் உன்னைக் கீழே போட்டதாக ஆகிவிடும், நான் விட்டால் அம்மனும் உன்னை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். எல்லோரும் என்னைப் பக்தி முற்றினவள் என்கிறார்கள். அவளை நம்பியிருந்தால் இறக்கியிருப்பேன் தம்பி. நம்பாததால்தான் இறுக்கிப் பிடித்தேன். என் கை போனதில் பாதி உன் பொய், பாதி என் பிடிவாதம். அம்மன் தலையில் இதைப் போடாதே. பொய் சொன்னவர்களை எல்லாம் அவள் சுடுவதாக இருந்தால் எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் நாக்கு இருக்காது.

இந்த ஏழெட்டு மாதமாக என் கையால் ஒரு வேலையும் ஆகவில்லை. விளக்குக்குத் திரி போட முடியவில்லை, பூக் கட்ட முடியவில்லை. சாமிக்கு என்று எதையும் செய்ய முடியாமல் சும்மா போய் நின்றுவிட்டு வருகிறேன். அவள் என்னைப் பார்க்கிற பார்வை குறையவில்லை. வெறுங்கையோடு நிற்கும்போது அது இன்னும் நன்றாகத் தெரிகிறது. இவ்வளவு லேசாகக் கிடைக்கிறதற்கு எவ்வளவு விலை பேசிவிட்டோம் என்று நினைத்தால் எனக்கே வருத்தமாக இருக்கிறது. கை போகும் முன்னால் இது தெரிந்திருக்கக் கூடாதா?

சுப்பம்மாளிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். நான் கிளம்பும்போது, "இத அவுகளா எழுதினாகளா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

பங்குனிப் பொங்கலுக்கு வா. நான் சட்டி எடுக்கவில்லை, நீயும் எடுக்க வேண்டாம். விட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்று உட்கார்ந்திருக்காதே. விட்டிருந்தாலும் வா, விடாமல் இருந்தாலும் வா. வந்து சாப்பிட்டுவிட்டுப் போ.

அக்கா
கனகலட்சுமி

(மாமா, ஒரு வார்த்தையும் விடாமல் எழுதிவிட்டேன். எனக்கு உங்கள் மேல் கோபம் தீரவில்லை. பிருந்தா.)


சேலம்
12.4.1990

அக்காவுக்கு வணக்கம். சுகமாக வந்து சேர்ந்தேன். அத்தான் கொடுத்துவிட்ட மிளகாயும் பருப்பும் நேரில் சொல்ல முடியாத சிலதும் என்னோடு வந்துவிட்டன. அதனால்தான் வந்ததும் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு அங்கே வந்த அன்று மதுரையிலிருந்து நேரே வரவில்லை. காரியாபட்டியில் பஸ் நின்றதும் பிராந்திக் கடை கண்ணில் பட்டது. இறங்கிப் போய்க் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்தேன். நீ மோப்பம் பிடித்திருப்பாய், ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வரத் துணியாமல் கோயில் தெருவில் ஒரு கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். சட்டிக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். யாரைப் பார்த்தாலும் உன் முகமாகவே தெரிந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று இரண்டு எட்டு வைத்தும்விட்டேன்.

ஒரு வீட்டு வாசலில் நின்ற அம்மாள் குடம் நிறைய மஞ்சள் தண்ணீரைச் சட்டிக்காரர்கள் மேல் வீசி ஊற்றினார்கள். என் மேலும் விழுந்தது. தலையோடு நனைந்துவிட்டேன். என் வாய் நாறுகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வீசின தண்ணீரை என்ன செய்ய முடியும்? "சாமி, நகந்து நில்லுங்க, இன்னொரு கொடம் இருக்கு" என்றார்கள். என்னைச் சாமி என்றார்கள் அக்கா. அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் அருள் வந்துவிட்டது என்று ஒதுங்கி நின்றார்கள். அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு வந்தேன்.

நீ கரண்டியால் சோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோகப் பாடுபட்டதைப் பார்த்துக்கொண்டு என் இலையில் கை வைக்க முடியவில்லை. சுப்பம்மாள் கதவோரம் நின்று, "சாப்பிடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னாள். சாயங்காலம் பாலவனத்தம் பஸ் ஏறிவிட்டாள். பிருந்தா எனக்கு மோர் ஊற்றினாள், என் முகத்தைப் பார்க்காமல் ஊற்றினாள். எனக்கு அவ்வளவே அதிகம்.

அம்மன் என்னைத் தள்ளவில்லை என்று இப்போது நம்புகிறேன். ஆனால் உன் விரல்கள் நிமிரவில்லை. என்னை ஏற்றுக்கொண்டவள் அதையும் கொஞ்சம் பார்த்திருக்கலாமே என்று அவளிடம் கேட்கத் தோன்றுகிறது. கேட்க எனக்கு வாய் ஏது?

ஊரிலிருந்து வந்த பிறகு நான் குடிக்கவில்லை. இன்றைக்கும் குடிக்கவில்லை. விட்டுவிட்டேன் என்று மட்டும் உனக்கு எழுத மாட்டேன் அக்கா. ஒரு தடவை அப்படி எழுதினதற்குத்தான் உன் கை போயிற்று.

தம்பி
வெள்ளத்துரை